நாலு மணிக்கு மேல் தமிழ் கிடையாது

கிறிஸ்துதாஸ் சார் தம் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். வாயால் போட்டால் காற்றோடு போய்விடும் என்று எழுத்தில் போட்டார். சிவப்பு மையில் அடிக்கோடு இழுத்து, கீழே கையெழுத்தும் வைத்து, ஃப்ரிட்ஜ் கதவில் நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினார்.

'இன்று முதல் மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை இந்த வீட்டில் ஜெர்மன் மொழி மட்டுமே பேசப்படும். தமிழ் பேசுபவர் மறுநாள் மாலைச் சிற்றுண்டியும் இரவு உணவும் சமைக்கக் கடமைப்பட்டவர் ஆவார்.'

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் அவர். அதில் கடைசிப் பதினோரு வருஷம் உதவித் தலைமை ஆசிரியர். மூன்று தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த 'உதவி' மட்டும் போகவே இல்லை. ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையைக் கழற்றும்போதே, செத்தாலும் தலைமை ஆசிரியராகத்தான் சாவது என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் சும்மா உட்காராமல் ஜெர்மன் படித்தார். அறுபது வயதில் பரீட்சை எழுதிப் பாஸும் செய்தார். சேர்வராயன் மலையில் அந்த வயதில் ஜெர்மன் பாஸ் செய்த ஒரே ஆள் அவர்தான். இதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

இப்போது பங்குக் கோயில் மண்டபத்தில் எட்டுப் பெண்களுக்கு வகுப்பெடுக்கிறார். எட்டுப் பேரும் நாகலூர், கரடியூர்ப் பக்கத்துப் பெண்கள். நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கிறார்கள். ஜனவரி கடைசியில் சென்னை ஜெர்மன் மொழி நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து வகுப்பைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஏற்காட்டிலேயே நிரந்தரமாக ஒரு ஜெர்மன் மொழி மையம். அதற்கு ஒரு தலைமை ஆசிரியர். உதவி கிதவி எதுவும் ஒட்டாத, முழுத் தலைமை ஆசிரியர்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பெண்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். இலக்கண அட்டவணையைப் பிழையில்லாமல் எழுதுவார்கள். 'உன் பேர் என்ன' என்று ஜெர்மனில் கேட்டால் எட்டுப் பேரும் தரையைப் பார்ப்பார்கள்.

சார் இன்டர்நெட்டில் தேடி, அயல்மொழி கற்பிக்கும் முறைகளைப் பற்றி ஒரு கையேட்டைக் கண்டுபிடித்தார். நூற்று நாற்பது பக்கத்தையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, சுருள் கம்பி மாட்டிக்கொண்டு வந்தார். ஜோடி ஜோடியாகப் பேச விடுங்கள், கட்டளை சொல்லிச் செய்ய வையுங்கள், படத்தை மறைத்து வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், வேஷம் கட்டி நடிக்க வையுங்கள் என்று என்னென்னவோ இருந்தது. சார் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டார். 'அந்த மொழி மட்டுமே புழங்கும் சூழலை உண்டாக்குங்கள்' என்பது அதன் முதல் வரி. அந்த வரி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஏன் பிடித்தது என்று நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம். அவர் மனைவி ஜெயகுமாரிக்கு ஜெர்மனில் ஓர் எழுத்தும் தெரியாது. நாலு மணிக்கு அங்கன்வாடி வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பிக்கிற பேச்சு ராத்திரி ஜெபம் சொல்லும்வரை நிற்காது. தண்ணீர் தொட்டி, கேஸ் சிலிண்டர், மிளகுக் கொடி, இவர் துவைக்கப் போடாத சட்டை. இனி தினமும் இரண்டு மணி நேரம் அமைதி. அதுவும் கல்வியின் பெயரால்!

"ஏனுங்க, ஃப்ரிட்ஜ்ல இது என்னங்க?"

"சட்டம்."

"யாருக்குங்க?"

"இந்த வீட்டுல இருக்கற எல்லாருக்கும்."

"எல்லாருமுன்னா நீங்களும் நானுந்தானுங்க. பூனையே போன மாசம் பக்கத்து ஊட்டுக்குப் போயிருச்சு."

"ரெண்டு பேர்னாலும் சட்டம் சட்டம்தான் குமாரி. முதல்ல வீட்டுல பழகிப் பாத்துட்டு அப்புறம் வகுப்புல கொண்டு வரப்போறேன்."

"எனக்கு அந்தப் பாஷை ஒண்ணுந் தெரியாதுங்களே."

"தெரியலைன்னா பேசாம இரு. கேட்டுட்டே இரு. கொழந்தைங்க அப்படித்தான் கத்துக்குது. புஸ்தகத்துல போட்டிருக்குது."

"பேசாம இருந்தாத் தப்பில்லீங்களா?"

"தப்பே இல்லை."

"தமிழ்ல பேசுனாத்தான் சமையல்."

"ஆமா."

"நீங்க பேசுனாலுமுங்களா?"

"நான் எதுக்குப் பேசறேன்? நான் ஜெர்மன் பாஸ் பண்ணுனவன்."

ஜெயகுமாரி அந்தத் தாளை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள். பேனாவை வாங்கி அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். மனைவி வாதாடாமல் கையெழுத்துப் போட்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது அந்தக் கையேட்டில் இல்லை.

முதல் நாள். மணி நாலு. சார் நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாளை விரித்தார். வீடே நிசப்தம். வெளியே சில்வர் ஓக் மரத்தில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததே இல்லை. இருபது நிமிஷம் சொர்க்கம்.

இருபத்தோராவது நிமிஷம் அடுப்பில் பால் ஏறியது. ஜெயகுமாரி பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பாலைப் பார்த்தாள். திரும்ப அவரைக்காயைப் பார்த்தாள். பால் விளிம்புக்கு வந்தது. சாருக்குப் பாலுக்கு ஜெர்மன் தெரியும். அது பெண்பால் என்பதும், நாலு வேற்றுமையிலும் அது எப்படி வரும் என்பதும் தெரியும். பொங்குகிறது என்பதற்கு மட்டும் வார்த்தை தெரியவில்லை. அது பாடப் புத்தகத்தின் அடுத்த பாகத்தில் வருகிறது.

"குமாரி, பாலு பொங்குது பாரு!"

அவள் அந்த நொடியே கேஸை அணைத்தாள். பிறகு திரும்பி, ஃப்ரிட்ஜ் கதவை ஒற்றை விரலால் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் நாள் சமையலறை அவருடையது. ரசம் வைத்தார். எல்லாம் இருந்தது, பெருங்காயத்தைக் காணோம். அஞ்சறைப் பெட்டியில் இல்லை, அலமாரியில் இல்லை. ஜெர்மன்காரன் ரசம் வைப்பதில்லை, ஆகையால் பெருங்காயத்துக்கு எந்தப் பாடத்திலும் வார்த்தையும் இல்லை. கால் மணி நேரம் தேடிவிட்டு, "பெருங்காயம் எங்கதான் வச்சிருக்கற?" என்று கத்தினார். அவள் தன் இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். மறு கை ஃப்ரிட்ஜைக் காட்டியது.

மூன்றாம் நாள், எப்போதும் மூலையில் கிடக்கிற முக்காலி நட்ட நடுவில் கிடந்தது. கால் விரலில் இடித்தது. "அம்மா!" என்றார். அவள் விரலை நீட்டினாள்.

"இது செல்லாது. வலிச்சா எல்லா நாட்டுக்காரனும் அம்மான்னுதான் கத்துவான். இதெல்லாம் தமிழ்க் கணக்குல வராது!" என்று அரை நிமிஷம் வாதாடினார். வாதாடியது சுத்தமான தமிழில். நாலாம் நாளும் அவர் சமையல்தான்.

இப்படியே நாள் ஓடியது. சமைக்கிற நேரமும் சட்ட நேரமும் ஒன்றாகவே இருந்ததால், இன்றைக்குச் சமைக்கும்போது எதையாவது தமிழில் கேட்பார், அதனால் நாளைக்கும் சமைப்பார். இதிலிருந்து வெளியே வர வழியே இல்லை. சட்டத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்க மனசு வரவில்லை, அதில் அவர் கையெழுத்து இருந்தது. நவம்பர் முடியும்போது அவர் ரசத்தில் ஒரு பக்குவம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கும் மனசுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டார்.

காப்பிப் பழம் பறிக்கிற காலம் வந்தது. வீட்டுக்கு மேல்புறம் பத்துப் படி ஏறினால் அவர்களுடைய காப்பி காயப்போடுகிற களம். ஒரு நாள் மாலை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால், களத்தில் அவருடைய மாணவிகள் எட்டுப் பேரும் நிற்கிறார்கள்.

"என்ன ரூபி, இங்க?" ஜன்னலிலிருந்தே கேட்டார்.

"டீச்சருக்குக் காப்பி பொறுக்கிக் குடுக்க வந்தமுங்க சார்," என்றாள் ரூபி. அங்கன்வாடிக்காரம்மாவை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

சாருக்கு நெஞ்சு விம்மியது. குருவின் வீட்டு வேலையைத் தானாக வந்து செய்கிற சிஷ்யைகள் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கிறார்கள்! "நல்ல பழக்கம். செய்யுங்க, செய்யுங்க," என்று ஆசி சொல்லிவிட்டு மிக்சியைப் போட்டார். கேள்வியும் ஆசியும் தமிழ் என்பதைக் களத்திலிருந்து நீண்ட ஒரு விரல் ஞாபகப்படுத்தியது.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். மிக்சி நின்ற நேரங்களில் களத்திலிருந்து சிரிப்பும் கைதட்டலும் ஓட்டமும் கேட்கும். காப்பி பொறுக்க எதற்கு ஓட வேண்டும் என்று அவர் யோசித்திருக்கலாம். தேங்காய் துருவுகிற ஆளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

ஒரு நாள் மட்டும் கொஞ்சம் பதறிவிட்டார். ஜன்னலில் பார்த்தால், ஜெயகுமாரி களத்துச் சாக்கில் மல்லாந்து கிடக்கிறாள். வயிற்றைப் பிடித்திருக்கிறாள். எட்டுப் பெண்களும் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள். கரண்டியோடு பத்துப் படியையும் நாலே எட்டில் ஏறினார்.

"குமாரி! என்னாச்சு? ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க சார். டீச்சரு சும்மா படுத்திருக்காங்க," என்றாள் ஸ்டெஃபி. படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினாள். நாளைக்கும் சமையல். சார் குழம்பு தீய்கிறது என்று இறங்கி ஓடினார்.

ஜனவரி பிறந்தது. வகுப்பில் பெண்கள் இன்னும் தரையைத்தான் பார்த்தார்கள். கேட்டால் அட்டவணையை எழுதிக் காட்டினார்கள். கையேட்டை நம்பிப் பயனில்லை என்று சார் முடிவு செய்தார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் கைவிடாத ஒரு வித்தை அவரிடம் இருந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டின்போது மனைவியிடம் அதைப் பெருமையாக விளக்கினார். மதியம் தமிழுக்குத் தடையில்லை.

"கேள்வி கேட்டா எட்டுப் பேரும் டக்குன்னு கை தூக்கணும். பாக்கறவங்களுக்கு எல்லாருக்கும் பதில் தெரிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. நான் வலது கையாப் பாத்துக் கூப்பிடுவேன். எப்படி?"

"எத்தனை வலது கை வருமுங்க?"

"ரூபி, ஸ்டெஃபி. பத்துக் கேள்விக்கும் பதிலை ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணியாச்சு. மத்த ஆறும் இடது."

"சிவரஞ்சனிங்க?"

"அதுக்கு வாயே கிடையாது குமாரி. அதைக் கடைசி பெஞ்சு மூலையில உக்கார வச்சிருக்கேன்."

ஜெயகுமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "மூணு வயசுல என்றகிட்ட வந்தப்ப, நாள் பூராவும் பேசிட்டே இருக்குமுங்க அந்தப் புள்ள. தூங்கறப்பக் கூடப் பேசும். உங்க முன்னாடி வந்தாத்தான் வாய் அடைச்சுக்குது," என்றாள்.

"என் முன்னாடி ஒரு பயபக்தி."

"பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவுங்க?"

சார் மோர் கேட்டார்.

அந்த நாளும் வந்தது. சென்னை அம்மாள் பெயர் சங்கீதா. நாற்பது வயதிருக்கும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேர்ந்தார். சார் கோட்டுப் போட்டிருந்தார். கரும்பலகையில் அட்டவணை, நாலு வண்ணச் சுண்ணக்கட்டியில். இன்னும் ஒரு மணி நேரத்தில் தாம் தலைமை ஆசிரியர் என்ற நினைப்பில் குரல் கூடக் கனத்திருந்தது.

முதல் கேள்வியைக் கேட்டார்.

எட்டுக் கைகள் உயர்ந்தன. எட்டும் வலது.

சாருக்குத் திக்கென்றது. மறந்துவிட்டார்கள்! பாவிகள், ஒரே ஒரு விதியை மறந்துவிட்டார்கள்! சங்கீதா பார்க்காத நேரத்தில் தம் இடது கையை லேசாக ஆட்டிக் காட்டினார். பெண்கள் சிரித்தார்கள். ரூபியைக் கூப்பிட்டுத் தப்பித்தார். இரண்டாவது கேள்வி. எட்டு வலது கைகள். ஸ்டெஃபி. மூன்றாவது, ரூபி. நாலாவது, ஸ்டெஃபி. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. ஏற்காட்டில், ஜனவரி மாதத்தில்!

"சார்," என்றார் சங்கீதா. "அந்த மூலையில இருக்கற பொண்ணு எல்லாக் கேள்விக்கும் கை தூக்குது. நீங்க ஒரு தடவை கூடக் கூப்பிடலையே?"

"அதுக்கு... தோள்பட்டை வலி மேடம். கையை அப்படித் தூக்கியே வச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சங்கீதா எழுந்து சிவரஞ்சனியிடமே போனார். ஜெர்மனில் கேட்டார். தோள் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டது சாருக்குப் புரிந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார். தலைமை ஆசிரியர் பதவி வளைவு வளைவாக அடிவாரம் நோக்கி இறங்குவது தெரிந்தது.

சிவரஞ்சனி எழுந்தாள். ஜெர்மனில் பதில் சொன்னாள். தனக்கு எந்த வலியும் இல்லை, பதில் தெரிந்ததால் கை தூக்கினேன், சாருக்குத்தான் கொஞ்சம் பயம் என்று, நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

சார் கண்ணைத் திறந்தார்.

சங்கீதாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேஜையில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான் நோயாளி, நீ நர்ஸ் என்பது சொல்லாமலே விளங்கியது. சிவரஞ்சனி அவர் நெற்றியில் கை வைத்தாள். "வோ டூட் எஸ் வே?" என்றாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். எப்போதிருந்து என்று கேட்டாள். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சங்கீதா தலையாட்டியதும், சிவரஞ்சனி ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தலையைச் சாய்த்து, ஒற்றை விரலை நீட்டி ஜெர்மனில் ஒரு டோஸ் விட்டாள்.

அந்த இடுப்பில் ஊன்றிய கை! அந்தத் தலைச் சாய்ப்பு! அந்த விரல்! முப்பத்தோரு வருஷமாகத் தினம் மூன்று வேளை பார்க்கிற ஆளுக்கா அடையாளம் தெரியாது? களத்துச் சாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் ஏன் கிடந்தாள் என்று சாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அற்புதம் சார்! எந்த முறையில சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் சங்கீதா.

சாருக்குக் கையேட்டின் பொருளடக்கம் கை கொடுத்தது. "நேரடி முறை மேடம். செயல்வழி முறை. நடிப்பு முறை. எல்லாத்தையும் கலந்து, நம்ம மலைக்கு ஏத்த மாதிரி நானே கொஞ்சம் மாத்தி..."

அந்த நேரம் பார்த்து ஜெயகுமாரி காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். சங்கீதா கையை நீட்டினார். ஜெயகுமாரி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள். சாருக்கு உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவருக்கே காப்பி கிடையாதா!

"குமாரி, குடு!" என்று பல்லைக் கடித்தார். அவள் அசையவில்லை.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஜெர்மன்ல கேட்டாத்தான் மேடம் டீச்சர் குடுப்பாங்க," என்றாள் ரூபி.

சங்கீதா வியப்போடு ஜெர்மனில் கேட்டார். தட்டு உடனே முன்னால் வந்தது.

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமாம்மா?"

"ஒரு எழுத்துந் தெரியாதுங்க. அதனாலதானுங்க இதுங்க பேசுச்சு. தெரிஞ்சவரு முன்னாடி பேசத்தானுங்க பயம். தெரியாதவளுக்குச் சொல்லிக்குடுக்க என்ன பயமுங்க? நீங்கதான் எனக்கு வாத்தியாருங்கன்னு சொல்லிட்டு நான் சாக்குல படுத்துக்குவேன். எனக்கு என்ன நோவுன்னு கண்டுபுடிக்கோணும். கண்டுபுடிக்கலைன்னா நான் எந்திரிக்க மாட்டேன். இன்னைக்கும் என்றகிட்டப் பேசற மாதிரி நெனச்சுப் பேசுங்கன்னு சொல்லி அனுப்புனேனுங்க."

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க கத்துக்கறதுங்க? நம்ம எஸ்டேட் லைன் வீடுகள்ல இப்ப ஜார்க்கண்டு, ஒடிசாக்காரங்க புள்ளைங்கதான நொம்ப. அதுங்க பாஷை எனக்குத் தெரியாது, என்ற பாஷை அதுங்களுக்குத் தெரியாது. முட்டை வேணுமுன்னா முட்டைன்னு சொல்லியாகோணும். ஒரு வாரத்துல முட்டை வந்துரும். ஒரு மாசத்துல சண்டையே தமிழ்ல போடுமுங்க."

"அங்கன்வாடி வேலை, வீட்டு வேலை எல்லாம் பாத்துட்டு இதுக்கு எப்படிம்மா நேரம் கிடைச்சுது?"

"நாலு மணியிலருந்து ஆறு வரைக்குமுங்க. அந்நேரத்துக்கு ஊட்ல சமையலெல்லாம் அவரு பாத்துக்கறாரு. மூணு மாசமா ஒரு நாள் கூட நான் அடுப்புப் பக்கம் போகலீங்க."

சங்கீதா சாரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் அவ்வளவு மரியாதை. "உங்களுக்குப் பெரிய மனசு சார்."

"என்னால முடிஞ்சது மேடம்," என்றார் கிறிஸ்துதாஸ் சார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது பாதி வழிவரை சார் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே பாதை திரும்புகிற இடத்தில்தான் வாய் திறந்தார்.

"முதல் நாள் பாலு?"

"பாத்துட்டேதான் இருந்தேனுங்க."

"முக்காலி?"

"நாந்தான் நகத்தி வச்சேனுங்க. காலு நொம்ப நொந்துதுங்களா?"

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்களும் களத்துக்கு வந்துருவீங்க. நீங்க வந்தா அதுங்க மறுபடியும் தரையத்தான் பாக்குமுங்க."

அவருக்குக் கோபம் வந்தது, நியாயமாக வர வேண்டிய அளவுக்கு வந்தது. ஆனால் அந்தப் பெண் மூலையிலிருந்து எழுந்து நின்று பேசியது மறுபடி மறுபடி காதில் ஒலித்தது. அதைக் கேட்கக் கேட்கக் கோபம் கரைந்துபோனது. அறுபது வயதில் பாஸ் செய்தபோது கூட அப்படி ஒரு பெருமை அவருக்கு வந்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் கோட்டை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. மையத்துக்கு அனுமதி. தலைமை ஆசிரியர் திரு. கிறிஸ்துதாஸ். சார் அதை நாகலூர் டீக்கடையில் நின்று உரக்கப் படித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இரண்டாம் தடவை படித்தார். வீட்டுக்கு வந்து மனைவிக்கு மூன்றாம் தடவை.

"தலைமை ஆசிரியர்! பாத்துக்க குமாரி. முன்னாடியும் ஒண்ணும் இல்லை, பின்னாடியும் ஒண்ணும் இல்லை. வெறும் தலைமை ஆசிரியர்!"

"நொம்ப சந்தோசமுங்க," என்றாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாளைத் திருப்பிப் பாத்தீங்களா?" என்றாள்.

திருப்பினார். பொறுப்பேற்கும் முன் தலைமை ஆசிரியர் உள்பட எல்லா ஆசிரியர்களும் கற்பிக்கும் முறைகளில் முப்பது நாள் பயிற்சி முடிக்க வேண்டும் என்று இருந்தது. இடம், நாகலூர் அங்கன்வாடி. நேரம், மாலை நாலு முதல் ஆறு. பயிற்சியாளர், திருமதி ஜெயகுமாரி.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"போன வாரமே போன்ல கேட்டாங்க. சரின்னுட்டேனுங்க."

திங்கட்கிழமை நாலு மணிக்கு, சுவரில் யானையும் மாம்பழமும் வரைந்திருந்த அந்த அறையில், சாண் உயர நாற்காலிகள் மட்டுமே இருந்ததால், பயிற்சிக்கு வந்த, சார் உள்பட மூன்று மைய ஆசிரியர்களும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜெயகுமாரி வருகைப் பதிவேட்டைப் பிரித்தாள். அண்ணாதுரை என்றாள், கரடியூரிலிருந்து வந்திருந்த இளைஞர் கை தூக்கினார். வேலுசாமி என்றாள், அவரும் தூக்கினார். மூன்றாவது பெயரில் அவள் பேனா நின்றது. தாலி கட்டிய நாளிலிருந்து கணவர் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால் கூடக் கார்டைத்தான் நீட்டுவாள். எப்படியும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடப்போகிறாள், அப்போது எல்லோருக்கும் முன்னால் ஒரு முறை சிரித்துவிடலாம் என்று சார் தயாராக இருந்தார்.

"கிறிஸ்துதாஸ்," என்றாள் ஜெயகுமாரி, கணீரென்று.

சார் பாயிலிருந்து விழுந்தடித்து எழுந்து நின்றார்.

"உள்ளேன், டீச்சர்."